36 வாரத்தில் பிறந்த குழந்தையும் ‘பால் பத்தவில்லை’ என்ற முடிவும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காவிரி டெல்டாவில் ஒரு அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் நாங்கள் பார்த்த ஒரு தாய், குழந்தை பற்றிய பதிவு இது. பெயர், ஊர், அடையாளம் தெரியக்கூடிய விவரங்கள் எதுவும் இதில் இல்லை.

தாய்க்கு 24 வயது. முதல் பிரசவம். கணவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்கு வந்திருந்தார். கடைசி மாதத்தில் ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதமும் தென்பட்டதால், 36 வாரம் 3 நாளில் ஒரு தனியார் மருத்துவமனையில் சிசேரியன் செய்தார்கள். பெண் குழந்தை, எடை 2.480 கிலோ. பிறந்ததும் நன்றாக அழுதது, மூச்சுத் திணறல் இல்லை. அதனால் யாரும் அதைக் குறைமாதக் குழந்தையாக நினைக்கவில்லை. குறிப்பேட்டிலும் ‘நலமான குழந்தை’ என்றுதான் இருந்தது.

இந்த நிகழ்வின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. 37 வாரம் நிறையும்வரை குறைமாதம்தான். 34 வாரத்துக்கு மேல் பிறக்கும் குழந்தைகள் பார்வைக்கு நிறைமாதக் குழந்தை போலவே இருப்பார்கள். ஆனால் உறிஞ்சும் பலம் குறைவு, விழித்திருக்கும் நேரம் குறைவு, மஞ்சள் காமாலை வரும் வாய்ப்பு அதிகம். பசித்தால் வீறிட்டு அழும் தெம்பும் இருக்காது. பால் கிடைக்காத குழந்தை அழுது ஊரைக் கூட்டும் என்றுதான் பொதுவாக எதிர்பார்க்கிறோம். இவர்கள் தூங்கிவிடுவார்கள்.

முதல் ஐந்து நாட்கள்

ரத்த அழுத்தத்துக்காகத் தாய் முதல் நாள் தனிக் கண்காணிப்பில் இருந்தார். குழந்தை பாட்டிகளிடம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இங்கே முதல் முறை மார்பில் போட்டபோது ஏறத்தாழ பத்து மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குள் குடும்பத்தின் மூத்த பெண்மணி ஒருவர் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுச் சேனை வைத்திருந்தார். புட்டியில் பால்மாவும் கொடுத்திருந்தார்கள்.

இரண்டாம் நாள் யாரோ மார்பை அழுத்திப் பார்த்திருக்கிறார்கள். சில சொட்டு வந்திருக்கிறது. ‘பால் ஊறல’ என்று முடிவாகிவிட்டது. வந்தது சீம்பால். அது சொட்டாகத்தான் வரும். முதல் 24 மணி நேரத்தில் குழந்தை ஒரு வேளைக்குக் குடிப்பதே 2 முதல் 10 மில்லிதான். மார்பு நிறைந்து பால் பெருகுவது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாட்களில். முதல் பிரசவம், சிசேரியன் என்றால் இன்னும் ஒரு நாள் தள்ளியும் போகலாம். அந்தச் சில சொட்டுகளை வைத்து ‘இல்லை’ என்று சொல்ல இடமே இல்லை.

மூன்றாம் நாள்வரை பெரும்பாலும் பால்மாதான். இடையிடையே மார்பிலும் போட்டார்கள். வலது காம்பு தட்டையாக இருந்ததால் குழந்தை பிடிக்கவில்லை. இடதில் நுனியை மட்டும் பிடித்துச் சப்பியதில் வெடிப்பு வந்தது.

நான்காம் நாள் வீடு திரும்பினார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் பிறந்த எடை இருந்தது, அன்றைய எடை இல்லை. வீட்டில் அம்மாவின் அம்மா பால்மா டப்பாவைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டார். ‘நாலு புள்ளைக்கும் நான் தாய்ப்பால்தான் கொடுத்தேன், டப்பா எதுக்கு?’ அவர் எண்ணத்தில் தவறு இல்லை. ஆனால் அதுவரை குழந்தையின் வயிற்றை நிறைத்தது அந்த டப்பாதான். மார்பிலிருந்து இழுத்துக் குடிக்கும் பலம் இன்னும் வராத குழந்தைக்கு, அன்று முதல் மார்பு மட்டுமே என்றாயிற்று.

அடுத்த இரண்டு நாளும் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. பாப்பா ஒரு மணி நேரம் மார்பிலேயே கிடக்கிறாள், அப்புறம் மூன்று நான்கு மணி நேரம் அடித்துப் போட்டதுபோல் தூங்குகிறாள், அழுகையே இல்லை. ‘பாப்பா ரொம்ப சமத்து’ என்று திருப்பூருக்கு போனில் சொல்லியிருக்கிறார்கள்.

ஆறாம் நாள் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்தார். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது மஞ்சள் தொடைவரை இறங்கியிருந்தது. நேற்றிலிருந்து எத்தனை முறை ஒன்றுக்குப் போனது என்று கேட்டார். இரண்டு முறை. துணியில் செங்கல்பொடி நிறத்தில் கறை. கையோடு கொண்டு வந்த தராசில் எடை பார்த்துவிட்டு, 108ஐ அழைத்து எங்களிடம் அனுப்பினார்.

வந்தபோது கண்டவை

எடை 2.170 கிலோ. பிறந்த எடையில் 310 கிராம், அதாவது 12.5 சதவீதம் இறங்கியிருந்தது. முதல் சில நாட்களில் 7 சதவீதம் வரை இறங்குவது இயல்பு. 10 சதவீதத்தைத் தாண்டினால் காரணம் தேடியே ஆக வேண்டும். மஞ்சள் காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின், 100 மில்லி ரத்தத்துக்கு 19.6 மில்லிகிராம். ரத்த சோடியம் 151, உடலில் நீர் வற்றியதன் அடையாளம். ரத்த சர்க்கரை சரியாக இருந்தது. தொற்றுக்கான பரிசோதனைகளில் ஒன்றும் இல்லை. மலம் இன்னும் கரும்பச்சை. பால் போதுமான அளவு இறங்கும் குழந்தைக்கு நான்கு, ஐந்தாம் நாளில் மஞ்சளாகியிருக்க வேண்டும். ஒன்றுக்குப் போவதும் அந்த வயதில் ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறையக்கூடாது.

தாய்க்கு ஹீமோகுளோபின் 8.6, அதாவது ரத்தசோகை. ரத்த அழுத்தம் மாத்திரையில் கட்டுக்குள் இருந்தது. ‘பச்ச உடம்பு’ என்று தண்ணீரை அளந்து கொடுத்திருந்தார்கள். காய்ந்த உதடு. இடது காம்பில் ரத்தம் கசிந்த வெடிப்பு. யார் கேட்டாலும் முதலில் அழுதார், அப்புறம்தான் பதில் சொன்னார்.

எங்கள் வார்டுக்குள் நுழைந்த அரை மணி நேரத்துக்குள்ளும் அதே வார்த்தை வந்துவிட்டது. மாமியார் சொன்னார், பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார், பணியில் இருந்த ஒருவரும் சொன்னார்: ‘பால் பத்தல’. அதுவரை எத்தனையோ பேர் இந்தத் தாயிடம் இதைச் சொல்லியிருக்கிறார்கள். குழந்தை குடிப்பதை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை.

ஒரு வேளைப் பாலை முழுதாகப் பார்த்தது

மருத்துவர் பரிசோதனைகளுக்கு எழுதிக்கொண்டிருந்தபோதே, குழந்தையைத் துணியோடு எடை போட்டு மார்பில் விட்டோம். வழக்கமாக வீட்டில் எப்படிப் பிடிப்பாரோ அப்படியே பிடிக்கச் சொன்னோம், திருத்தவில்லை. வாய் பாதிதான் திறந்தது. கீழுதடு உள்ளே மடங்கியிருந்தது. முகவாய் மார்பில் படவில்லை. நான்கைந்து முறை வேகமாகச் சப்பியது, நிறுத்தியது, கண் சொருகியது. தாய் கன்னத்தைத் தட்டினார், மறுபடி சப்பியது. விழுங்கும் சத்தம் கேட்கவே இல்லை. நன்றாகப் பால் இறங்கும்போது தாடை ஆழமாக இறங்கி, ஒரு கணம் நின்று, அப்புறம் மெல்லிய ‘க்க’ என்ற ஒலி வரும். தாடையில் அந்த இடைநிறுத்தம்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டியது. இங்கே அது இல்லை.

அரை மணி நேரம் கழித்து அதே துணியோடு அதே தராசில் போட்டோம். முள் அசையவில்லை. எங்கள் தராசு 5 கிராம் வித்தியாசத்தைத்தான் காட்டும், எனவே ஒன்றுமே குடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. உருப்படியாகக் குடிக்கவில்லை என்று சொல்லலாம்.

உடனே தாயை உட்காரவைத்து, கையால் பாலைப் பீய்ச்சச் சொல்லிக் கொடுத்தோம். பெருவிரலும் மற்ற விரல்களும் கருவட்டத்தின் ஓரத்தில், காம்பில் அல்ல. உள்நோக்கி அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து, விட வேண்டும். தோலில் தேய்க்கக்கூடாது. முதல் சில நிமிடம் சொட்டுதான். அப்புறம் இடது பக்கம் பீறிட்டது. இரண்டு பக்கமும் சேர்த்து 20 மில்லி. குழந்தை ‘குடித்து முடித்த’ மார்பிலிருந்து.

அந்தக் கிண்ணத்தைப் பார்த்ததும் மாமியார் கேட்டார்: ‘அப்ப ஏம்மா புள்ளைக்கு வரல?’ சரியான கேள்வி. பால் சுரக்கிறது, குழந்தையால் எடுக்க முடியவில்லை. எடுக்காத பால் மார்பிலேயே தங்கினால் சுரப்பும் குறையத் தொடங்கும். இன்னும் ஒரு வாரம் இப்படியே போயிருந்தால் ‘பால் பத்தல’ என்பது உண்மையாகவே ஆகியிருக்கும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, குழந்தையின் வயிற்றை உடனே நிறைப்பது. பிடிமானத்தைச் சரிசெய்வது அதற்கு அடுத்துத்தான். நீர் வற்றி, சோடியம் ஏறி, மஞ்சளும் கூடிய குழந்தையிடம் ‘இன்னும் கொஞ்சம் முயற்சி செய், பழகிவிடும்’ என்று மார்பை மட்டும் கொடுப்பது ஆபத்து. குழந்தைக்கு விழுங்கும் திறன் இருந்ததால் டிரிப் போடாமல் வாய்வழியே கொடுக்கலாம் என்று மருத்துவர் முடிவெடுத்தார். பிறந்த எடைக்கு, கிலோவுக்கு 150 மில்லி என்று கணக்கிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 30 மில்லி. சோடியத்தை வேகமாக இறக்கினால் மூளையில் வீக்கம் வரலாம் என்பதால் இடையிடையே ரத்தப் பரிசோதனையும் எழுதினார்.

எதைக் கொடுப்பது? தாய் பீய்ச்சிய பால் முதலில். போதாத அளவுக்கு தாய்ப்பால் வங்கிப் பால் கிடைத்தால் நல்லது. ஆனால் அன்று இருந்த இருப்பு ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான குழந்தைகளுக்கே சரியாக இருந்தது. எனவே மீதிக்குப் பால்மா. தாய்ப்பாலுக்காகப் பேசும் நாங்களே பால்மா எழுதச் சொன்னது சில இளம் செவிலியர்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. 1992இல் வந்து 2003இல் திருத்தப்பட்ட குழந்தைப் பால்மாற்றுச் சட்டம் தடுப்பது விளம்பரத்தையும், இலவச மாதிரி கொடுப்பதையும், மருத்துவமனை வழியாகச் சந்தை பிடிப்பதையும். மருத்துவக் காரணத்துக்காக மருத்துவர் எழுதுவதை அது தடுக்கவில்லை. ஆனால் கேஸ் ஷீட்டில் காரணத்தோடு, எப்போது நிறுத்துவது என்பதையும் எழுதினோம்: தாய் பீய்ச்சும் பால் தேவையை எட்டும் அன்று.

எதில் கொடுப்பது? பாலாடையில், அதாவது மூக்கு வைத்த சிறு கிண்ணத்தில். பாட்டி வீட்டில் வெள்ளிப் பாலாடை இருந்தது, கையில் எடுத்ததுமே பழக்கம் தெரிந்தது. குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பாலை ஊற்றிவிடாமல், உதட்டில் தொட்டுக் குழந்தையே நக்கி இழுக்கும்படி கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்தோம். புட்டியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்தது மார்பு. இரவையும் சேர்த்து 24 மணி நேரத்தில் எட்டு முறை பால் எடுக்க வேண்டும் என்று வைத்தோம், கையாலும் பிரிவில் இருந்த மின் பம்பாலும். சுரப்புக்கான ஹார்மோன் இரவில்தான் அதிகம், அதனால் இரவு வேளையை விட்டுக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு வேளையும் இப்படி: 15 நிமிடம் மார்பில், அப்புறம் பாட்டி பாலாடையில் கொடுப்பார், அதே நேரத்தில் தாய் பால் எடுப்பார். எல்லாம் 40 நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டும். ஒரு மணி நேரம் மார்பில் கிடப்பது இந்தக் குழந்தைக்குக் குடித்த கலோரியை விட அதிகம் செலவாகும் வேலை. தாய்க்கும் தூக்கம் மிஞ்சாது.

பிடிமானத்துக்கு, தையல் அழுந்தாதபடி குழந்தையைக் கைக்கடியில், கால்கள் முதுகுப் பக்கம் போகும்படி வைத்தோம். வாய் அகலத் திறக்கும்வரை காத்திருந்து, மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகாமல் குழந்தையை மார்புக்குக் கொண்டுவருவது. சப்புவது நின்றதும் மார்பை மெல்ல அழுத்திப் பிடித்தால் பால் இறங்கி மறுபடி விழுங்கும். வலது தட்டைக் காம்புக்கு, 10 மில்லி சிரிஞ்சின் ஊசிப் பக்கத்தை வெட்டிவிட்டு, வெட்டுப்படாத மழமழப்பான பக்கம் மார்பில் படும்படி வைத்து மெதுவாக இழுக்கும் பழைய முறையே கைகொடுத்தது. வெடிப்புக்குக் களிம்பு எதுவும் வேண்டியிருக்கவில்லை. பிடிமானம் ஆழமானதும், குடித்தபின் இரண்டு சொட்டுப் பாலைத் தடவிக் காயவிட்டதும் போதுமானதாக இருந்தது.

மஞ்சள் காமாலை இறங்குவதற்கான ஒளிச் சிகிச்சைக்காகக் குழந்தையை லைட்டில் வைத்திருந்தபோதும் பால் கொடுக்க வெளியே எடுத்தோம். மற்ற நேரத்தில், லைட் நின்ற பிறகு, தாயின் நெஞ்சோடு தோலும் தோலும் படும்படி கங்காரு முறை.

தாய்க்குத் தண்ணீர்க் கட்டுப்பாட்டை எடுத்தோம். பத்தியத்தில் கைவைக்கவில்லை. பூண்டுக் குழம்பும் முருங்கைக் கீரையும் பால்சுறாப் புட்டும் அவருக்குச் சத்துதான், அதில் சண்டை போட ஒன்றும் இல்லை. இரும்புச்சத்துச் சிகிச்சை தொடங்கியது. பால் கூட்டும் மாத்திரை வேண்டுமா என்று குடும்பம் கேட்டது. பால் இருக்கிறது என்று அளந்து பார்த்தாகிவிட்டதால் மருத்துவர் எழுதவில்லை.

அடுத்து நடந்தது

ஏழாம் நாள் சோடியம் 147, எடை 2.205. எட்டாம் நாள் பிலிருபின் 11.8க்கு இறங்க, லைட்டை நிறுத்தினார்கள். அன்று மலம் மஞ்சளானது. பாட்டி அந்தத் துணியை வார்டு முழுக்கக் காட்டினார்.

எட்டாம் நாள் இரவு ஒரு தடங்கல். மகள் அசந்து தூங்குகிறாளே என்று பாட்டி இரவு வேளைகளுக்கு எழுப்பவில்லை. காலையில் இடது பக்கம் பால் கட்டிக் கல்லாகி, லேசான காய்ச்சலும். பார்க்க வந்த உறவினர் ஒருவர் வலி குறையட்டும் என்று மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டிவிட்டார். மல்லிகை கட்டுவது குழந்தையை இழந்த தாய்க்குப் பாலை வற்றவைக்க நம் வீடுகளில் செய்வது. அது வெறும் நம்பிக்கையும் இல்லை, சுரப்பைக் குறைப்பதாக ஆய்வில் கண்டிருக்கிறார்கள். பூவை எடுக்கச் சொல்லி, கட்டிய மார்பைக் கொஞ்சமாகக் கையால் பீய்ச்சி இளக்கி, குழந்தையை அதிலேயே போட்டு, இடைவேளைகளில் குளிர்ந்த துணி வைத்தோம். மாலைக்குள் இளகியது. காய்ச்சல் திரும்பவில்லை.

அதன் பிறகு இரவு வேளைப் பொறுப்பு கைமாறியது. விடுப்பில் வந்திருந்த கணவர் போனில் அலாரம் வைத்து, வார்டு வாசலில் இருந்து பாட்டியை எழுப்ப, பாட்டி மகளை எழுப்ப, பம்பின் பாகங்களைக் கழுவிக் கொதிநீரில் போடுவதும் கணவர் வேலை. ஒரு தாயின் பால் சுரப்புக்கு யார் என்ன செய்தார்கள் என்று பட்டியல் போட்டால், இந்த வீட்டில் அவர் பெயரை மேலேயே எழுதுவேன்.

ஒன்பதாம் நாள் மாலையோடு பால்மா நின்றது. பத்தாம் நாள் மறுபடி குடிக்கும் முன்னும் பின்னும் எடை பார்த்தோம்: 25 கிராம். விழுங்கும் ஒலி கட்டில் பக்கத்தில் நின்றவர்களுக்கே கேட்டது. 11ஆம் நாள் 2.310 கிலோவோடு வீட்டுக்கு அனுப்பினோம். ஒவ்வொரு முறையும் மார்புக்குப் பிறகு பாலாடையில் 15 மில்லி பீய்ச்சிய பால், மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கவிடாமல் எழுப்புவது, ஆறு முறைக்குக் குறையாமல் ஒன்றுக்குப் போகிறதா என்று பார்ப்பது. பீய்ச்சிய பாலை மூடிய எவர்சில்வர் பாத்திரத்தில் வெளியே நான்கு மணி நேரம்வரை வைக்கலாம் என்பார்கள். அது சித்திரை வெயில் என்பதால் அடுத்த வேளைக்கே கொடுத்துவிடச் சொன்னோம்.

14ஆம் நாள் 2.390. 18ஆம் நாள் 2.500, பிறந்த எடையைத் தாண்டியது. வழக்கமாக இரண்டு வாரத்துக்குள் எட்ட வேண்டிய எடை. தொடக்கத்தில் இறங்கிய அளவைப் பார்த்தால் இந்தத் தாமதம் எங்களைக் கவலைப்படுத்தவில்லை. பாலாடைப் பாலைப் பகல் வேளைகளில் தொடங்கி ஒவ்வொன்றாகக் குறைத்தோம். 25ஆம் நாள், அதாவது கணக்குப்படி 40 வாரம் நிறைந்த நாள், எடை 2.700. மார்பு மட்டுமே போதும் என்றானது. இது தற்செயல் இல்லை. நிறைமாதக் கணக்கை எட்டும்போதுதான் பெரும்பாலான இந்தக் குழந்தைகளுக்கு உறிஞ்சும் பலம் முழுதாக வருகிறது. 42ஆம் நாள் 3.210. கேட்கும் திறன் பரிசோதனை இயல்பு. வலது மார்பை இன்னும் அரைமனதோடுதான் பிடிக்கிறாள் என்றார் தாய்.

அந்தச் சந்திப்பில்தான் அவர் ஒன்று சொன்னார். ஆஸ்பத்திரியில் இருந்தபோது குழந்தையைத் தூக்கவே பயமாக இருந்ததாம், தன்னால்தான் இப்படி ஆனது என்று இரு பக்கத்து உறவும் நினைப்பதாகத் தோன்றியதாம். இப்போது தூக்கம், பசி, மனநிலை எப்படி என்று விசாரித்ததில் கவலைப்படும்படி இல்லை. அடுத்த தடுப்பூசி நாளில் மறுபடி கேட்கும்படி செவிலியருக்கு எழுதிக் கொடுத்தோம்.

மாற வேண்டியவை

37 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தையின் கேஸ் ஷீட்டில், எடை எவ்வளவு இருந்தாலும், குறைமாதம் என்று முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இந்தக் குழந்தைக்கு அது எழுதப்பட்டிருந்தால் நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள், குறைந்தபட்சம் எடையாவது பார்த்திருப்பார்கள்.

தாய் கண்காணிப்பில் இருந்த அந்தப் பத்து மணி நேரத்தில் குழந்தையை அவரிடம் கொண்டுபோக முடியாமல் இருந்திருக்கலாம். அவர் கட்டில் பக்கத்தில் ஒரு செவிலியர் நின்று சீம்பாலைக் கையால் எடுத்து ஒரு கரண்டியில் கொண்டுவந்திருக்க முடியும். முதல் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கத் தொடங்குவதை, சிசேரியன் தாய்மார்களிடம் இப்போது நாங்கள் வழக்கமாகச் செய்கிறோம். பம்பை விட அப்போது கைதான் நன்றாக வேலை செய்கிறது, சீம்பால் பம்பின் குழாயிலேயே ஒட்டிப் போய்விடும்.

இரவில் எழுப்ப வேண்டிய காரணத்தைப் பாட்டிகளிடம் சேர்க்கையன்றே தனியாகச் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. ‘எட்டு முறை’ என்று தாயிடம் மட்டும் சொன்னால், மகளின் தூக்கத்துக்காக வாதாடும் பாட்டியிடம் அது தோற்றுவிடும்.

வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் எங்கள் பிரிவில் மூன்று வரி சேர்த்திருக்கிறோம்: இன்றைய எடையும் இறங்கிய சதவீதமும், ஒரு வேளைப் பாலை முழுதாகப் பார்த்தவரின் கையெழுத்து, அடுத்த எடை எங்கே, எந்தத் தேதியில் என்பது. அந்தத் தேதி குறைமாதக் குழந்தைக்கு 48 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. இரண்டாவது வரியை நிரப்ப நேரம் இல்லை என்று இரவுப் பணியில் இருப்பவர்கள் முறையிடுகிறார்கள், அது நியாயமான முறையீடும்கூட. ஆள் கூடும்வரை இரவில் டிஸ்சார்ஜ் எழுதுவதில்லை என்று இப்போதைக்கு வைத்திருக்கிறோம்.